கேஸ் மாத்திரையும் கை நடுக்கமும்: ராமநாதபுரம் கரையோரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், பாக் விரிகுடாவைப் பார்த்த மீனவக் கிராமம் ஒன்று. அங்கே அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கணவர் வல்லத்தில் நண்டு வலைக்குப் போகிறவர். வலை கரைக்கு வந்ததும் சிக்கியிருக்கும் நண்டுகளை எடுப்பதும், விலை போகாத மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி விற்பதும் இந்த அம்மாவின் வேலை. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் மருமகளும் பேரப்பிள்ளைகளும். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சம்மதம் சொன்னது அவர்களேதான்.

நான் இந்தப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். என் கைக்கு வந்த சீட்டில் ‘இடது தோள்பட்டை இறுக்கம், சர்க்கரை உண்டு’ என்று மட்டும் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம். சீட்டைப் பார்த்தவரை சந்தேகப்பட ஒன்றுமில்லை.

முதலில் பார்த்தவை

தோள்பட்டை மட்டும் இறுகியிருந்தால் கையை வெளிப்பக்கம் திருப்பும்போது ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். வலியும் அங்கேதான் வரும். இந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. முழங்கையை மடக்கினாலும் மணிக்கட்டைச் சுழற்றினாலும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி இறுக்கம். மூட்டு நோய்க்கு இது பொருந்தாது.

வாசலில் நடக்கச் சொன்னேன். இடது கை வீசவே இல்லை, வலது கை லேசாக அசைந்தது. திரும்பும் இடத்தில் சின்னச் சின்னதாக ஏழெட்டு அடி வைத்துத் திரும்பினார். முகத்தில் சிரிப்போ எரிச்சலோ சட்டென்று ஏறவில்லை. பேச்சு மெல்லியதாக இருந்தது. மடியில் வைத்த இரண்டு கைகளிலும் நடுக்கம், இடதில் கொஞ்சம் கூடுதல். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொன்னதும் நடுக்கம் பெருகியது. கருவாட்டுக் கணக்கில் பழகியவர் என்பதால் கணக்கில் பிழை வரவில்லை.

இன்னொன்று வாய். தாடை மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. வெற்றிலை போடுகிறவர் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “வெத்தலையத் துப்பிட்டு வாங்கம்மா” என்றேன். “வாயில ஒண்ணுமில்லையே” என்று திறந்து காட்டினார். அப்போதும் உதடும் நாக்கும் நிற்கவில்லை.

நண்டு எடுக்கும் வேலையைப் பற்றிக் கேட்டபோது மருமகள் சொன்னது முக்கியம். நண்டின் கால் ஒடியாமல் கண்ணியிலிருந்து பிரித்தெடுக்க விரலில் வேகமும் வேண்டும், பதமும் வேண்டும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை குறையும். “ஒரு வருசமா அத்தை எடுத்தா காலு ஒடியுது. மாமா சத்தம் போட்டாங்க. அதுக்கப்புறம் அத்தை கருவாட்டோட நின்னுட்டாக.” கைவேகம் குறைந்ததற்கு இதைவிடத் துல்லியமான அளவு என்னிடம் இல்லை.

பழைய விஷயங்களையும் துருவிக் கேட்டோம். கருவாடு கெட்டுவிட்டதா என்று மோந்து பார்க்க ஐந்தாறு வருஷமாகவே அந்த அம்மா மருமகளைத்தான் கூப்பிடுகிறாராம். மூக்கு அடைப்போ சளியோ கிடையாது. தூக்கத்தில் கத்துவதும் கை காலை உதறுவதும் அதே காலத்தில் தொடங்கியவை. ஒருமுறை கனவில் யாரையோ அடித்ததில் அடி கணவர் மேல் விழ, அவர் அன்றிலிருந்து திண்ணையில் படுக்கிறார். வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார்கள்.

மஞ்சப்பையில் இருந்த மாத்திரைகள்

சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். முதலில் வந்தது சர்க்கரைக்கும் பிபிக்கும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கும் அரசு மாத்திரைகள். “வேற ஒண்ணுமில்ல” என்றார்கள். கேஸுக்கு, தலைசுற்றலுக்கு, சத்துக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்ட பிறகுதான் அலமாரியிலிருந்து மஞ்சப்பை இறங்கியது. நம் வீடுகளில் கேஸ் மாத்திரை மருந்துக் கணக்கில் வராது.

பையில் இருந்தவை: ரபிப்ரசோல் 20 மில்லிகிராமும் லெவோசல்பிரைடு 75 மில்லிகிராமும் சேர்ந்த காப்ஸ்யூல், தினம் காலையில் ஒன்று. தலைசுற்றும்போது போட சின்னாரிசின். இரும்புச்சத்து மாத்திரை. கடைசியாக, நடுக்கத்துக்கென்று டிரைஹெக்ஸிபெனிடில் 2 மில்லிகிராம், மூன்று வேளை.

அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். வயிறு உப்புசத்துக்குப் போனபோது ஒரு கிளினிக்கில் காப்ஸ்யூலை இரண்டு வாரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். கேட்டது. அதன்பின் பழைய சீட்டைக் காட்டியும், சீட்டு தொலைந்ததும் காலி அட்டையைக் காட்டியும் இரண்டு வருஷத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். முதல் வருஷம் முடியும் முன்பே கை நடுங்கத் தொடங்கியது. “நரம்புத் தளர்ச்சி” என்றார் ஒருவர். வேறொரு இடத்தில் நடுக்க மாத்திரை கொடுத்தார்கள். அது வாயை உலர்த்தியது, மலச்சிக்கலைக் கூட்டியது, ராத்திரியில் ஆள் தெரியாமல் பேசவைத்தது. மலச்சிக்கல் கூடினால் வயிறு உப்பும். வயிறு உப்பினால் கேஸ் காப்ஸ்யூலை எப்படி நிறுத்துவார்கள்?

ஒரு மருந்தின் விளைவை நோய் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு மருந்து. அதன் விளைவுக்கு மறுபடியும் முதல் மருந்து. இதில் யாரும் வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை. அட்டைகள் எல்லாம் ஒரே தரையில் ஒன்றாகக் கிடந்ததில்லை, அவ்வளவுதான்.

ஏன் கேஸ் மாத்திரை கையை நடுங்க வைக்கிறது

மூளையில் அசைவைத் தொடங்கவும் சீராக்கவும் டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். நடுக்குவாதத்தில் (பார்க்கின்சன் நோயில்) டோபமினைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. வயிறு உப்புசத்துக்கும் வாந்திக்கும் கொடுக்கும் லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் போன்றவை செல்களைக் கொல்வதில்லை. டோபமின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. சின்னாரிசினுக்கும் புளுனாரிசினுக்கும் அந்தக் குணம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: மந்தம், இறுக்கம், நடுக்கம்.

நடுக்குவாத ஆராய்ச்சியின் பெரிய திருப்பமே மருந்து உண்டாக்கிய இறுக்கத்தில்தான் தொடங்கியது. நம் ஊர் சர்ப்பகந்திச் செடியிலிருந்து பிரித்த ரெசெர்பின், மூளையின் டோபமினைக் காலியாக்கும். அதைக் கொடுத்து அசைவற்றுப்போன விலங்குகளுக்கு டோபமினின் மூலப்பொருளான டோபாவைக் கொடுத்ததும் அவை எழுந்து நடமாடின. ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சனும் கூட்டாளிகளும் இதை 1957-இல் வெளியிட்டார்கள். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தின் வேர் அங்கே இருக்கிறது. மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று முதலில் பிரிக்க வேண்டும் என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மருத்துவ அலுவலரிடம் அட்டைகளை வரிசையாகப் படம் எடுத்துக் காட்டினேன். அவர் நேரில் பார்த்தபின் எடுத்த முடிவுகள் இவை. லெவோசல்பிரைடையும் சின்னாரிசினையும் நிறுத்துவது. டிரைஹெக்ஸிபெனிடிலைப் பட்டென்று நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பது. லெவோடோபாவை இப்போது தொடங்காமல் காத்திருப்பது.

காத்திருப்பதுதான் வீட்டுக்குப் பிடிக்கவில்லை. “வியாதி இருக்குன்னு சொல்லிட்டு மருந்து தர மாட்டேங்கிறீங்களே” என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. மருந்தால் வந்த இறுக்கம் நிறுத்திய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். சிலருக்கு ஆறு மாதம் வரை, அதற்கு மேலும் இழுக்கும். அதற்குள் லெவோடோபா கொடுத்துவிட்டால் எது எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது. தேவையில்லாத மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வைத்துவிடும் அபாயமும் உண்டு. அம்மா அப்போது விழவில்லை, தானே குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் காத்திருக்க இடம் இருந்தது. எழ முடியாத நிலையில் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

மூளையில் டோபமின் செல்களின் நிலையைக் காட்டும் ஸ்கேன் ஒன்று பெரிய நகரங்களில் எடுக்கிறார்கள். மருந்தால் மட்டும் வந்த இறுக்கமானால் அதில் படம் சாதாரணமாக இருக்கும். சொந்தக்காரர் ஒருவர் சென்னைக்குக் கூட்டிப்போய் எடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். படம் எப்படி வந்தாலும் முதல் வேலை காப்ஸ்யூலை நிறுத்துவதுதான். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மோப்பம் போனதும் கனவில் உதறியதும் காப்ஸ்யூலுக்கு முந்தியவை. அவை உள்ளே ஏற்கெனவே நோய் முளைத்திருப்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம். மருந்து அதை முன்கூட்டியே வெளியே இழுத்துப் போட்டிருக்கலாம். இதை வீட்டில் முதலிலேயே சொன்னோம். முழுசாகச் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

கேஸுக்கு என்ன செய்வது? ரபிப்ரசோல் மட்டும் கொஞ்ச நாள். மலச்சிக்கலுக்கு இசப்கோல், கூடுதல் தண்ணீர். ராத்திரிச் சாப்பாட்டைப் பத்து மணியிலிருந்து ஏழரைக்கு இழுப்பது. வாந்தி வந்தால் டோம்பெரிடோன் கொடுக்கலாம், அது மூளைக்குள் பெரிதாகப் போவதில்லை. ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் தர வேண்டும்.

காத்திருந்த மாதங்கள்

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. தாடை அசைவு இன்னும் கூடியது. இப்படிப்பட்ட மருந்தை நிறுத்தியதும் வாய் அசைவு கொஞ்ச காலம் அதிகமாகலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். இருந்தாலும் பயந்தார்கள். நல்ல மாற்றம் ராத்திரியில் வந்தது. நடுக்க மாத்திரை குறையக் குறைய ஆள் தெரியாத பேச்சு நின்றது.

பயிற்சியை வீட்டு வேலையோடு சேர்த்தேன். கரையோர வீடுகளில் எல்லா வேலையும் தரையில்தான். தரையிலிருந்து எழுவதற்கு முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி மண்டி போட்டு, பெட்டியைப் பிடித்து எழும் வழக்கம். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் என்பதால் உள்ளே வரும் வழியில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொன்னேன். கண்ணுக்கு ஓர் இலக்கு கிடைத்தால் கால் நகர்கிறது. ஒரே இடத்தில் சுழலாமல் வளைந்து அகலமாகத் திரும்புவது. கருவாட்டுக் கூடையை இரண்டு கையாலும் தூக்காமல் ஒரு கையைப் பிடிமானத்துக்கு விடுவது. மணலில் நடக்க அவருக்கு ஆசை. உலர்ந்த மணலில் கால் புதைந்து தடுமாறினார். அலை நனைத்த கெட்டி மணலில், மருமகள் பக்கத்தில் இருக்க, நடந்தார்.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள் அம்மா திடீரென்று சுறுசுறுப்பாக இருந்தார் என்று போன் வந்தது. அடுத்த நாள் வாந்தி, தலைசுற்றல், அடிபம்பு பக்கத்தில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. விசாரித்தால், தெரிந்தவர் ஒருவர் பூனைக்காலி விதைப்பொடி கொடுத்திருக்கிறார். பூனைக்காலியில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. நடுக்கத்துக்கு நம் வைத்தியத்தில் அது நெடுநாளாகப் பயன்பட்டு வருவதில் பொருள் உண்டு. சிக்கல் அளவில்தான். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. குமட்டலையும் பிபி இறக்கத்தையும் அடக்க, மாத்திரையில் கார்பிடோபா சேர்த்திருப்பார்கள். பொடியில் அது கிடையாது. நிறுத்தச் சொன்னோம். கொடுத்தவரைத் திட்ட வேண்டாம் என்றும் சொன்னோம். திட்டினால் அடுத்த பொடி நமக்குத் தெரியாமல் வரும்.

மூன்றாம் மாதம் முடியும்போது வலது கை நடுக்கம் போய்விட்டது. வலது கை வீச்சு திரும்பியது. முகம் தெளிந்தது. பேரன் சேட்டை செய்ததும் அவர் சிரித்ததை மருமகள் படம் எடுத்து அனுப்பினார். தாடை அசைவு பாதியாகக் குறைந்தது. இடது கை மட்டும் அப்படியே நின்றது.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு

இடது பக்க மந்தமும் நடுக்கமும் குறையாமல், கொஞ்சம் கூடவும் செய்ததால் மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம். ஒரு பக்கமாக நிற்கும் அறிகுறி, மோப்ப இழப்பு, கனவில் உதறல், மருந்து நின்று ஆறு மாதம் கழித்தும் போகாத இறுக்கம். எல்லாவற்றையும் வைத்து, கீழே நடுக்குவாதமும் இருக்கிறது என்று முடிவு சொன்னார். ஆக, பாதி மருந்தின் வேலை, பாதி நோயின் வேலை.

லெவோடோபா 100, கார்பிடோபா 25 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையில் அரை அரையாக மூன்று வேளை தொடங்கி, சில வாரங்களில் முழு மாத்திரைக்கு ஏற்றினார்கள். இடது கை நன்றாகவே பதில் சொன்னது. ஆனால் மத்தியான மாத்திரை மட்டும் சரியாக வேலை செய்யவில்லை. காலையில் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் கை இளகுகிறது, மத்தியானம் இரண்டு மணி நேரமானாலும் இல்லை.

மத்தியானம் அவர்கள் வீட்டில் மீன் குழம்பு, பொரித்த மீன். சோற்றோடு சேர்த்தே மாத்திரையையும் போட்டிருக்கிறார். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே வழியில்தான் உள்ளே போக வேண்டும். கூட்டம் அதிகமானால் மருந்து பின்னால் நிற்கும். எல்லோருக்கும் இது தெரிகிற அளவில் இருப்பதில்லை, இந்த அம்மாவுக்கு இருந்தது. மீனை நிறுத்தச் சொல்லவில்லை. கரையோரத்தில் அது நடக்காத காரியம், வயதானவருக்குப் புரதமும் வேண்டும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெறும் தண்ணீரில் மாத்திரை என்று மாற்றினோம். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபா சேர்வதைத் தடுக்கும். அதை லெவோடோபாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, படுக்கப் போகும் நேரத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு வாரத்தில் மத்தியான மாத்திரையும் வேலை செய்தது.

ஒரு ஊசி

சில மாதம் கழித்துக் காய்ச்சலும் வாந்தியும். பக்கத்து ஊரில் வாந்திக்கு ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அம்மா கட்டிலிலிருந்து எழ முடியாமல் இறுகிப்போனார். நோய் முற்றிவிட்டது என்றே வீட்டில் அழுதிருக்கிறார்கள். மருமகள்தான் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார்: மெட்டோகுளோபிரமைடு. நிறுத்திய பிறகு நாலைந்து நாளில் பழைய நிலைக்கு வந்தார். காப்ஸ்யூலை நிறுத்தியபோது அந்த ஒரு பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தோம். அதே குடும்பத்து மற்ற மருந்துகள் வேறு வேறு பெயரில், ஊசியாகவும் வரும்.

இன்றைய நிலை

இப்போது ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா மறுபடியும் நண்டு வலையில் உட்காருகிறார், முழு நேரமும் இல்லை. மாத்திரை வேலை செய்யும் காலை நேரத்தில் கொஞ்சம் எடுக்கிறார். கால் ஒடிவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வல்லத்தில் ஏறுவதை விட்டுவிட்டார். மோப்பம் திரும்பவில்லை, திரும்பும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. தாடையில் லேசான அசைவு மிச்சமிருக்கிறது. நோயின் போக்கையே நிறுத்தும் மருந்து இன்னும் உலகில் இல்லை என்பதும், வருஷங்கள் போகப் போக மாத்திரையின் அளவும் நேரமும் மாறும் என்பதும் வீட்டுக்குத் தெரியும். மாமாவின் படுக்கை இன்னும் திண்ணையில்தான்.

இனி மாற்றிச் செய்வது

தோள்பட்டை இறுக்கம் என்று வரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எவரையும் இனி நடக்கவிட்டுப் பார்த்த பிறகே கட்டிலில் படுக்கவைக்கிறேன். கை வீசுகிறதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும்.

“என்ன மருந்து சாப்பிடுறீங்க” என்ற கேள்வி இங்கே பயன்படவில்லை. கேஸுக்கு என்ன, தலைசுற்றலுக்கு என்ன, தூக்கத்துக்கு என்ன, பொடி லேகியம் ஏதாவது உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. காலி அட்டைகளையும் சேர்த்து.

தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மாவின் சுருக்குப்பையில் வைத்திருக்கிறோம். ஊசி போடும் முன் அதைக் காட்ட வேண்டும். இது முதல் நாளே கொடுத்திருக்க வேண்டிய அட்டை, இப்போது மற்ற வீடுகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறோம். மருந்துக்கடைக்காரர்களிடமும் பேசினோம். ஒருவர், காலி அட்டையோடு வருகிறவரிடம் எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். இன்னொருவர், “நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவாங்க” என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இதே இறுக்கத்தை உண்டாக்கும். ஏர்வாடிப் பக்கம் போகும் குடும்பங்களில் இதை நான் பார்க்கிறேன். அங்கே வீட்டார் தாமாக மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி, நடுக்கத்தைவிடப் பெரிய ஆபத்து வரும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய், அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேட்க வேண்டும். லெவோடோபா சாப்பிடுகிறவர்களுக்கும் இதேதான்: அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மகன் ஊருக்கு வரும்போது மதுரைக்கு மறுபடியும் போக நாள் வாங்கியிருக்கிறார்கள். அதுவரை மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது மருமகளின் பொறுப்பு, எத்தனை அட்டை மிச்சம் என்று மாதக் கடைசியில் எனக்குச் செய்தி அனுப்புகிறார்.